காற்று எந்தப் பக்கம் போகிறது?

2022 ஜூலை. கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில், கிழக்குக் கரையில் ஒரு சின்ன விரிகுடா. காலை பத்தரை மணி இருக்கும். கடல் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. காற்றடைத்த பெரிய அன்னம் ஒன்றின் மேல் உட்கார்ந்து, இடுப்பளவுத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பக்கத்திலேயேதான் நின்றார். நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் போய்விட்டது என்று கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான். துடைத்து முடித்து நிமிர்ந்தபோது அன்னம் பத்து மீட்டர் தள்ளிப் போயிருந்தது.

அவர் நன்றாக நீந்துவார். ஆனால் அந்த அன்னம் அவரைவிட வேகமாகப் போனது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. ஒரு கை மெதுவாக இழுத்துக்கொண்டு போவதுபோல அது போய்க்கொண்டே இருந்தது. நான் கரையில் நின்று கத்தினேன். என் குரல் அவளுக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. அவள் அழவில்லை, அன்னத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்னமும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது.

பக்கத்தில் படகு வாடகைக்கு விடும் இடத்தில் நின்ற ஒரு பையன் நாங்கள் கேட்பதற்கு முன்பே மோட்டார் படகைத் தள்ளிவிட்டான். இரண்டு நிமிடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்னத்தை விட்டுவிட்டான், அது கடலுக்குள் போய்ப் புள்ளியாகி மறைந்தது. நாங்கள் நன்றி சொல்ல வாய் வராமல் நின்றோம். அவன் முதலில் எங்களுக்குப் பின்னால் இருந்த மலையைக் காட்டினான். பிறகு கடலில், சுமார் நூறு மீட்டருக்கு அப்பால், தண்ணீரின் நிறம் சட்டென்று கருநீலமாக மாறும் ஒரு கோட்டைக் காட்டினான். அந்தக் கோடு வரைக்கும்தான் மலை காற்றை மறைக்கிறது, அதைத் தாண்டினால் மறைப்பு இல்லை என்றான். அந்தக் கோட்டை நானும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகாக இருக்கிறது என்று படம்கூட எடுத்திருந்தேன்.

தீவில் விடுமுறைக்குப் போய்த் தண்ணீர் விளையாட்டு விளையாட விரும்பும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களைப்போல் ஐரோப்பாவில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்குக் கோடையில் கிரேக்கத் தீவு என்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. எல்லோரும் கடற்கரையை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? படம் பார்த்து, மணலின் நிறம் பார்த்து, எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து. நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை ரோட்ஸுக்குப் போய்விட்டோம். இப்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்தக் கரையில் காற்று என்னைத் தொட்டுவிட்டு எந்தப் பக்கம் போகிறது? கரைக்கா, கடலுக்கா?

அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தவன் என் தம்பி. வட ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே பால்டிக் கடலில் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொண்டான். பலகையில் பாய்மரம் பொருத்தி, நின்றபடி ஓட்டும் அந்த விளையாட்டு. அன்று ராத்திரி நான் அழுதுகொண்டே அவனுக்குப் போன் பண்ணினேன். அவன் திட்டவில்லை. "அக்கா, மேப்பைத் திற"ன்னான். "நீங்க எந்தக் கரையில இருந்தீங்க? கிழக்கு. காத்து எங்கேயிருந்து? வடமேற்கு. அப்ப அது தீவு மேலேறி இறங்கி உங்க முதுகுல அடிச்சிருக்கு. உங்களுக்கு முன்னாடி என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. திறந்த கடல்."

எனக்கு உடம்பு சில்லிட்டது.

ரோட்ஸ் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் நீளம். வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து கிடக்கும் தீவு. நடுவில் மலைகள், அட்டாவிரோஸ் என்ற உச்சி 1,200 மீட்டரைத் தாண்டும். ஆகவே தீவுக்கு இரண்டு முகம். ஒன்று மேற்கைப் பார்க்கிறது, ஒன்று கிழக்கை. கோடையில் ஏஜியன் கடலில் வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பழைய கிரேக்கர்கள் அதை எடேசியன் என்றார்கள், ஆண்டுதோறும் வரும் காற்று என்று பொருள். ஜூன் வாக்கில் தொடங்கி, ஜூலை ஆகஸ்டில் வலுத்து, செப்டம்பரில் தளரும். ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து இறங்கும் இந்தக் காற்று, ரோட்ஸ் பக்கம் வரும்போது வளைந்து மேற்கு, வடமேற்குக் காற்றாகிவிடுகிறது. நம் ஊர்க் கடற்காற்றுபோல மாலையில் வந்து இரவில் அடங்கும் என்று நினைக்கக் கூடாது. பல நாள் தொடர்ந்து, சில சமயம் இராப்பகல் பாராமல் அடிக்கும். வானத்தில் ஒரு மேகமும் இருக்காது. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பலத்த காற்று என்றால் நம் மனதுக்குள் கருமேகமும் கூடவே வந்துவிடுகிறது, இல்லையா?

இந்தக் காற்றுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு என்று பிறகு படித்தபோது ஆச்சரியப்பட்டேன். கோடையில் இந்தியா, பாகிஸ்தான் பக்கம் நிலம் கொதித்துக் காற்றழுத்தம் குறைகிறதல்லவா, தென்மேற்குப் பருவமழையை இழுத்து வருவது அதுதான். அந்தக் குறைந்த அழுத்தப் பகுதியின் வால் ஈரான் வழியாகத் துருக்கி வரை நீள்கிறது. பால்கன் பக்கம் அழுத்தம் அதிகம். இரண்டுக்கும் நடுவே ஏஜியன் கடலில் காற்று ஓடுகிறது. நம் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு மேலெழும் காற்றின் ஒரு பகுதி கிழக்கு மத்தியதரைக் கடலின் மேல்தான் இறங்குகிறது; அங்கே வானம் வெளுத்துக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில் ரோட்ஸில் பாய்மரங்கள் பறக்கின்றன.

என் அப்பா தூத்துக்குடிக்காரர். அவர் காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கச்சான் அடிக்குது, வாடை திரும்பிடுச்சு என்பார். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து என்று நம் பழைய பாட்டுகளில் நாலு திசைக்கும் நாலு பெயர் உண்டு. கிரேக்க மீனவர்களும் அப்படித்தான்: வடமேற்குக் காற்று மைஸ்ட்ரோஸ், கிழக்குக் காற்று லெவாண்டெஸ், தென்கிழக்கு சொரோகோஸ். காற்றின் பலத்தை போஃபோர் கணக்கில் சொல்கிறார்கள். "இன்று ஐந்து போஃபோர்" என்பது அங்கே காப்பிக் கடைப் பேச்சு. அப்பாவின் மகள் நான், காற்றுக்குப் பெயர் இருப்பதையே மறந்துவிட்டு ஒரு கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு அதிகம்.

அடுத்த முறை 2024 ஜூலையில் போனோம். தம்பியும் வந்தான். முதல் நாள் எந்த விளையாட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களை ரோட்ஸ் நகரத்தின் வடக்கு நுனிக்குக் கூட்டிப்போனான். அங்கே மீன் காட்சியகம் இருக்கிறது, இத்தாலியர்கள் தீவை ஆண்ட காலத்துக் கட்டடம். அதைச் சுற்றி நடந்தால் தீவின் மூக்கு நுனி. கைக்குழந்தைகூட வித்தியாசத்தைச் சொல்லிவிடும். இடது பக்கம், மேற்குக் கரை: கூழாங்கல்லில் அலை வந்து வந்து மோதுகிறது, குடைகள் படபடக்கின்றன, தலைமுடி முகத்தில் அடிக்கிறது. வலது பக்கம், எல்லி கடற்கரை: வயதான அம்மாக்கள் கழுத்தளவு நீரில் நின்றபடி கதை பேசுகிறார்கள், கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் நிற்கும் குதிமேடையிலிருந்து பையன்கள் குதிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடை. எதிரே துருக்கி மலைகள் தெளிவாகத் தெரிகின்றன. என் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. எங்களைவிட அவனுக்கு உடனே புரிந்தது. "மாமா, அப்ப நான் இந்தப் பக்கம், பாப்பா அந்தப் பக்கம்"ன்னான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மேற்குக் கரைக்கு அண்ணன் கரை, கிழக்குக் கரைக்குத் தங்கச்சி கரை என்று பெயராகிவிட்டது.

அண்ணன் கரை என்றால் முதலில் இக்ஸியா, இயாலிஸோஸ். நகரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அழகான மணல் வேண்டும் என்பவர்கள் இங்கே வந்தால் முகம் சுளிப்பார்கள். கூழாங்கல், பாதம் சுடும், தண்ணீர் சில அடியிலேயே ஆழமாகிவிடும், பிற்பகலில் படுத்திருக்க முடியாத காற்று. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரடீஸி ஊரில் விமான நிலையம், அதனால் இறங்கும் விமானங்களின் சத்தம் வேறு. ஆனால் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொள்பவர்களுக்கு இந்தக் கரை ஒரு வரம். காரணம், காற்று வரும் கோணம். அது பெரும்பாலும் கரையை ஒட்டி, இடது பக்கத்திலிருந்து, சற்றே கரையை நோக்கிச் சாய்ந்து வீசுகிறது. பக்கவாட்டுக் காற்றில் கடலுக்குள் நேராகப் போய், திருப்பிக்கொண்டு அதே வழியில் திரும்பலாம். பாயைத் தூக்க முடியாமல் களைத்துப்போனாலும், பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தால் கரையில்தான் கொண்டுவந்து சேர்க்கும். என்ன, கிளம்பிய இடத்திலிருந்து காற்று போகும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் ஒதுங்குவீர்கள். பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வர வேண்டும்.

என் மகன் முதல் இரண்டு நாளும் அப்படி நடந்துதான் வந்தான். பாடம் காலையில். பள்ளிகள் புதிதாகக் கற்பவர்களை ஒன்பது, பத்து மணிக்கே தண்ணீரில் இறக்கிவிடுகின்றன. அப்போது காற்று இளசாக இருக்கும். நடுப்பகலை நெருங்கும்போது ஏறத் தொடங்கி, இரண்டு மணிக்குமேல் உச்சத்துக்குப் போய்விடும். காலையில் சின்னப் பாய், அகலமான பலகை, கால் நடுங்கிக்கொண்டே ஒரு நிமிடம் நிற்பது, விழுவது, பாயின் கயிற்றை இழுத்து மறுபடி தூக்குவது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதே தண்ணீர் வெள்ளை வெள்ளையாகத் தலைதூக்கி நிற்கும், அதில் தம்பி போன்றவர்கள் அலைக்கு மேலே எகிறிப் போய்க்கொண்டிருப்பார்கள். அலையின் தலையில் அங்கங்கே வெள்ளை தெரிந்தால் மூன்று போஃபோர், அடிக்கடி வெள்ளை தெரிந்தால் நாலு, அதற்குமேல் போனால் புதியவர்கள் கரையில் உட்கார வேண்டும். இது தம்பி சொன்ன கணக்கு. ஆப்பில் காற்றின் வேகம் எத்தனை நாட் (கடல் மைல் கணக்கு) என்று பார்ப்பதைவிட இது எனக்குச் சுலபமாக இருந்தது.

மூன்றாவது நாள் என் மகன் போய், திருப்பி, விழாமல் வந்தான். கரையில் இறங்கியதும் உள்ளங்கையைக் காட்டினான். தோல் உரிந்திருந்தது. "வலிக்கலம்மா"ன்னு சிரித்தான். ராத்திரி தம்பி அவனுக்கு நிகோலாஸ் கக்லமனாகிஸ் கதையைச் சொன்னான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங்கில் கிரேக்கத்துக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். 2004-இல் ஏதென்ஸில் ஒலிம்பிக் நடந்தபோது தீபத்தை ஏற்றியவரும் அவர்தான், அந்த முறை வெள்ளியும் வாங்கினார். ஒரு நாடு தீபம் ஏற்ற ஒரு பாய்மரக்காரரை அழைத்திருக்கிறது என்றால், அந்தக் காற்று அவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டம் கட்டிப் பறக்கும் கைட்சர்ஃபிங்குக்கு அதே மேற்குக் கரையில் இன்னும் தெற்கே ஃபானெஸ் போகிறார்கள். நாங்கள் வேடிக்கை பார்த்ததோடு சரி. அதற்குத் தனியாகப் பல நாள் பயிற்சி வேண்டும்; ஒரு மதியத்தில் தொட்டுப் பார்க்கும் விளையாட்டாக அது எனக்குத் தோன்றவில்லை.

கிழக்குக் கரையில் ஃபலிராகி எல்லோருக்கும் தெரிந்த பெயர். நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், நீண்ட மணல் கரை, ஆழமில்லாத தண்ணீர். ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு, படகின் பின்னால் பாராசூட்டில் பறப்பது எல்லாம் உண்டு. மோட்டார் இழுக்கும் விளையாட்டுகளுக்கு இந்த மாதிரி அடங்கிய கடல்தான் வேண்டும், எனவே இடம் சரி. குளிப்பவர்கள் பகுதியை மிதவை கட்டிப் பிரித்திருக்கிறார்களா, படகு வந்து போகத் தனிப் பாதை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஜெட் ஸ்கீ எடுத்தால் முதலில் அதை நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஓர் இடத்தில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள். படம் இருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது.

எனக்குப் பிடித்தது சம்பிகா. ஃபலிராகிக்கும் லிண்டோஸுக்கும் நடுவில், செங்குத்தான ஒரு குன்றின் அடியில், பொன்னிற மணல். உச்சியில் மாதாவுக்கு ஒரு சின்ன மடம். பிள்ளை இல்லாத பெண்கள் படியேறிப் போய் வேண்டிக்கொள்வார்கள், பிறந்தால் சம்பிகோஸ் அல்லது சம்பிகா என்று பெயர் வைப்பார்கள். ரோட்ஸில் யாரையாவது அந்தப் பெயரால் கூப்பிடுவதைக் கேட்டால், அவர் அம்மாவோ பாட்டியோ அந்தப் படியில் ஏறியவர் என்று ஊகித்துவிடலாம். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு ஆரோக்கியம் என்று பெயர் வைக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை. நான் ஒருநாள் காலை வெயில் ஏறுமுன் தனியாக மேலே போனேன். அங்கிருந்து பார்த்தால் கடலின் நிறமாற்றம் வரைபடம்போலத் தெரிகிறது. கரையோரம் வெளிர் பச்சை, அப்புறம் நீலம், அப்புறம் அந்தக் கருநீலக் கோடு. காற்று மலைக்குப் பின்னாலிருந்து வந்து எந்த இடத்தில் தண்ணீரில் இறங்குகிறது என்பதை மேலிருந்து அப்படியே பார்க்கலாம். 2022-இல் இதை யாராவது எனக்குக் காட்டியிருந்தால்.

இந்தக் கரைகளில்தான் எல்லோரும் நின்றபடி துடுப்புப் போடும் பலகையை, அதாவது சப் பலகையை, வாடகைக்கு எடுக்கிறார்கள். பார்ப்பதற்கு அதைவிடச் சாதுவான விளையாட்டு இல்லை. அதனாலேயே நான் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்கிறேன். நின்றுகொண்டிருக்கும் உங்கள் உடம்புதான் அங்கே பாய். கடலை நோக்கி அடிக்கும் காற்றில், போகும்போது துடுப்பே போட வேண்டாம், சுகமாகப் போய்விடுவீர்கள். திரும்பும்போதுதான் தெரியும். முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் பாருங்கள், அதில் போக முடிந்தால் மட்டும் மேலே போங்கள். கரையை ஒட்டியே போங்கள். காற்று பிடித்துக்கொண்டால் உடனே மண்டியிட்டு உட்காருங்கள். முடியவில்லை என்றால் குப்புறப் படுத்துக் கையால் துழாவுங்கள், உடம்பு தாழ்ந்தால் காற்றின் பிடி குறையும். எக்காரணம் கொண்டும் பலகையை விட்டுவிட்டு நீந்திப் போய்விடலாம் என்று இறங்காதீர்கள். தூரத்திலிருந்து தேடுபவர்களுக்குப் பலகை தெரியும், மனிதத் தலை தெரியாது. காலில் கட்டும் கயிறு முக்கியம். ஓர் இடத்தில் அந்தக் கயிற்றின் ஒட்டுப்பட்டை பிய்ந்துபோயிருந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்றார்கள். நாங்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடந்துவிட்டோம். போனை நீர்புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கிரேக்கக் கடலோரக் காவல் படையின் அவசர எண் 108. நம் ஊரில் ஆம்புலன்ஸுக்கு அழைக்கும் அதே எண், எனவே மறக்காது. ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான 112-ம் வேலை செய்யும்.

காற்றடைத்த அன்னம், யானை, டோனட் எதுவும் நாங்கள் இப்போது கடலுக்குக் கொண்டுபோவதில்லை. நீச்சல் குளத்தோடு சரி.

தங்கச்சி கரையில் என் மகளுக்குக் கிடைத்த விளையாட்டு வேறு. முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பது. முதல் முறை பயந்துபோனவள் கடலுக்குத் திரும்ப இரண்டு வருடம் ஆயிற்று, கழுத்தளவுக்கு மேல் போக மாட்டேன் என்றாள். லடிகோவுக்குப் பக்கத்தில் ஆண்டனி க்வின் விரிகுடா என்று ஒன்று இருக்கிறது, அங்கே படப்பிடிப்புக்கு வந்த நடிகரின் பெயர். மணல் மிகக் குறைவு, பாறைதான். பாறை இருந்தால்தான் மீன் இருக்கும். காலில் ரப்பர் செருப்பு கட்டாயம், கடல் முள்ளெலிகள் உண்டு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே விட்டாள், விட்டவள் எடுக்கவே இல்லை. கிழக்கு மத்தியதரைக் கடலில் சத்துக் குறைவு, பாசி நுண்ணுயிர்கள் குறைவு. அதனால்தான் தண்ணீர் அப்படிக் கண்ணாடியாக இருக்கிறது. மன்னார் வளைகுடாபோல மீன் கூட்டம் கூட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு பாறை இடுக்கில் நம்ம ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தோம்: விசிறி விசிறியாகச் செட்டை விரித்த சிங்கமீன். இந்தியப் பெருங்கடல் பக்கத்து மீன், சூயஸ் கால்வாய் வழியாக வந்து இங்கே குடியேறிப் பெருகிவிட்டது. அழகாக இருக்கும், முள்ளில் விஷம். தொடாமல் பார்க்க வேண்டியது. அது இங்கே உள்ளூர்ச் சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று கேட்டபோது மனசு கஷ்டமாக இருந்தது.

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளை மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது என்றால் கலித்தியா. மண்ட்ராகித் துறைமுகத்திலிருந்து படகில் கூட்டிப்போகிறார்கள். கடலடியில் பழம்பொருள்கள் கிடக்கும் நாடு என்பதால் கிரேக்கத்தில் நெடுங்காலம் ஸ்கூபாவுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது, 2005-இல் வந்த சட்டம்தான் தளர்த்தியது. மகனும் அவன் அப்பாவும் ஒருமுறை இறங்கினார்கள். எனக்குக் காது வலி, நான் மேலேயே இருந்துவிட்டேன்.

கடைசியாகப் பிரசோனிசி. தம்பி வந்ததே அதற்காகத்தான். தீவின் தென்கோடி, நகரத்திலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். போகும் வழியில் கியோடாரி, ஜென்னாடி பக்கம் மலைச்சரிவு முழுக்கக் கருகிய மரங்கள் நின்றன. 2023 ஜூலைத் தீ. மலைக்குள் பிடித்த தீயைக் காற்று கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது. 19,000 பேர் அளவுக்கு வெளியேற்றினார்கள், கடற்கரையிலிருந்து படகில் ஏற்றிப் போனார்கள். நாங்கள் விளையாடப் போகும் காற்று வீசும் அதே மாதம். காருக்குள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கரிக்கட்டைகளுக்கு அடியில் பச்சையாகப் புதர் முளைத்திருந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள்.

பிரசோனிசியில் சாலை முடிந்து ஒரு மணல் திட்டு தொடங்குகிறது. அதன் மறுமுனையில் கலங்கரை விளக்கத்தோடு ஒரு மொட்டைக் குன்று. குளிர்காலத்தில் கடல் ஏறி மணலை மூடினால் அந்தக் குன்று தனித் தீவாகிவிடும். கோடையில் நடந்தே போகலாம். திட்டின் வலது பக்கம் அலை பாறையாக வந்து விழுகிறது, இடது பக்கம் தண்ணீர் தகடு. இரண்டுக்கும் நடுவே அந்த மணல் மட்டும்தான். எனக்குத் தனுஷ்கோடி ஞாபகம் வந்தது. ராமேஸ்வரத்துக்காரர்கள் சொல்வார்களே, அடங்கிக் கிடப்பது பெண்கடல், பொங்குவது ஆண்கடல் என்று. பிள்ளைகளுக்கு அதைச் சொன்னேன்.

காற்று தீவின் தென்முனையைச் சுற்றி வரும்போது நெருக்குண்டு வேகம் கூடுகிறது. மற்ற இடத்தில் நாலு என்றால் இங்கே ஐந்து, ஆறு. தட்டைத் தண்ணீர் மேல் அவ்வளவு காற்று என்பது விண்ட்சர்ஃபர்களுக்குச் சொர்க்கம்; உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள், மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை. தம்பி சின்னப் பாயை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவனை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இடுப்புக் கொக்கியைப் பாயில் மாட்டி, உடம்பைத் தண்ணீருக்கு மேலே கிடத்தி, பலகை தண்ணீரைத் தொடுகிறதா இல்லையா என்கிற மாதிரிப் போனான். சின்ன வயதில் எங்கள் மொட்டை மாடியில் பட்டம் விடும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மகன் நச்சரித்தான். "மாமா, தண்ணி தட்டையா இருக்கே, நானும் வரேன்." தம்பி அவனைத் திட்டின் நடுவில் நிறுத்தி, கைப்பிடி மணலை அள்ளி உயர்த்தி மெதுவாக விட்டான். மணல் அலைப் பக்கத்திலிருந்து தட்டைத் தண்ணீர்ப் பக்கம் பறந்து, கடலுக்குள் போயிற்று. "இப்படியே போனா அடுத்த கரை எங்கடா இருக்கு?" மகன் போனில் மேப்பைத் திறந்தான். விரலால் தள்ளிக்கொண்டே போனான். எகிப்து வந்தது.

அங்கே மீட்புப் படகுகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன, பலகை வாடகைக்கு எடுப்பவர்களைக் கண்காணிக்கிறார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் யாரும் அங்கே தனியாக இறங்கக் கூடாது. பயிற்சியாளர் ஒருவரோடு, கரையோரமாகவே, அரை மணி நேரம் மகனை விட்டோம். அவர் எங்கே நிற்கச் சொன்னாரோ அங்கேயே நின்றான். நானும் மகளும் கரையில் உட்கார்ந்து அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகு எங்கள் விடுமுறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் எந்த நாள் எந்தக் கடற்கரை என்று ஊரிலேயே அட்டவணை போட்டுக்கொண்டு போவேன். இப்போது தங்குமிடத்தை மட்டும் வடக்கே, இரண்டு கரைக்கும் சுலபமாகப் போகிற மாதிரி எடுக்கிறேன், ஒரு சின்னக் கார் வாடகைக்கு. எங்கே போவது என்பது காலையில் முடிவாகும். மெல்டெமி ஓயும் நாளும் உண்டு. அன்று மேற்குக் கரையே குளம்போல இருக்கும், எல்லோரும் சேர்ந்து அங்கேயே குளிக்கலாம். காற்று திரும்பித் தென்கிழக்கிலிருந்து அடித்தால் எல்லாம் தலைகீழ்: கிழக்குக் கரையில் அலை, மேற்கில் அமைதி, ஆனால் மேற்கில் அது கடலை நோக்கிப் போகும் காற்று. பெயர்ப்பலகை பார்த்துப் போகிறவர்களுக்கு அது தெரியாது. ஆகவே கரைகளின் பெயரை நான் இங்கே எழுதியிருந்தாலும், போகிற அன்று காலையில் நீங்களே ஒருமுறை பாருங்கள். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, குடைகளின் விளிம்பு எந்தப் பக்கம் மடிகிறது, தண்ணீரில் கருநீலக் கோடு இருக்கிறதா.

இந்த வருடம் ஜூனில் மூன்றாவது முறை போனோம். மகளுக்குப் பத்து வயது. முதல் நாள் காலை ஆறரைக்கு நான் எழுந்தபோது பால்கனிக் கதவு திறந்திருந்தது. அவள் இரவு உடையில் நின்றுகொண்டு, கொடியில் காய்ந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் மடிந்து ஆடிக்கொண்டிருந்தன.

"அம்மா, மேற்கிலேருந்து வருது. அண்ணனை எழுப்பு" என்றாள். "எனக்கும் பாய் வேணும். சின்னது."